திரை மட்டும் போதுமா?

"அல்ட்ராசவுண்டில் நரம்பே தெரிகிறது, மரத்துப்போக ஊசி போடத் தனிப் பயிற்சி எதற்கு?" என்கிறார்கள். ஆபத்தான வாதம். நரம்போடு ஊசிமுனையும் தெரிய வேண்டும். கருவி சற்றே விலகினால் ஊசியின் நடுத்தண்டே முனைபோலத் தோன்றும். காறை எலும்புக்கு மேலே போடும்போது நரம்புக் கற்றையை ஒட்டியே நுரையீரல் உறை இருக்கிறது. மரத்துப்போகச் செய்யும் மருந்தான புபிவகெய்ன் ரத்தக்குழாயில் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். அப்போது தாமதிக்காமல், 20% கொழுப்புப் பால்மத்தைக் கிலோவுக்கு 1.5 மில்லி வீதம் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் திரை இதைக் கற்றுத்தரும்? அக்கி ஆறிய பின்னும் மாதக்கணக்கில் எரியும் நரம்பு வலிக்கு ஊசியா, கபாபென்டின் மாத்திரையா என்று தீர்மானிப்பதும் பயிற்சியில் வருவதுதான். கருவிக்குப் பணம் ஒதுக்கும் மருத்துவமனைகள், மூத்தவர் மேற்பார்வையில் இளையவர் கை பழக நேரமும் ஒதுக்கியே தீர வேண்டும்.