இருபத்தொரு பொத்தான்கள்

திருநின்றவூரில் நம் தெருவிலுள்ள மூதாட்டி ஒருவருக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் அவர் மகன் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கித் தந்தார். நல்ல பெட்டிதான், பாட்டு கணீரென்று வரும். ஆயினும் அந்த அம்மையார் நான்கு நாள்கள் ஒரு பாட்டும் கேட்கவில்லை. வானொலியின் ஒலியைச் சற்றுக் குறைக்க எண்ணி ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். விரல் பட்டதோ பக்கத்துப் பொத்தானில். 'புளூடூத்' என்று ஆங்கிலத்தில் ஒருமுறை கூவிவிட்டுப் பெட்டி மௌனமாயிற்று. மகன் விடுமுறைக்கு வரும்வரை அது வாய் திறக்கவில்லை. "எனக்குத்தான் தெரியல சாமி, நான் படிக்காதவ" என்றார் அவர் நம்மிடம். அந்தச் சொல்தான் நம்மை எழுத வைத்தது. குற்றம் செய்தவர் எங்கோ இருக்க, குற்ற உணர்வு மட்டும் அவர் வீடு தேடி வந்திருக்கிறது.

அந்த ரிமோட்டை வாங்கிப் பார்த்தோம். தொலை இயக்கி என்பது நல்ல தமிழே; ஊரில் எவரும் அப்படிச் சொல்வதில்லையாதலால் நாமும் வலியுறுத்தவில்லை. சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவே உள்ள தட்டை அட்டை. அதில் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருபத்தொரு பொத்தான்கள். விரலால் தடவி இது இன்னதென்று அறிய ஒரு மேடு பள்ளம் இல்லை. கறுப்பின்மேல் சாம்பல் நிறத்தில் கடுகளவு ஆங்கில எழுத்து. அதைப் படிக்க நமக்கே மூக்குக்கண்ணாடியும் ஜன்னல் வெளிச்சமும் வேண்டியிருந்தன. ஒலியைக் கூட்டும் பொத்தானும் பெட்டியை அணைக்கும் பொத்தானும் அண்டை வீட்டுக்காரர்கள். எண்களுக்கென்று பத்துப் பொத்தான்கள். வானொலி பாடும்போது அவற்றில் எதை அழுத்தினாலும் அந்தப் பெட்டி அசையவில்லை. ஒரே அச்சில் வார்த்ததைப் பலவகைப் பெட்டிகளுக்கும் போட்டு அனுப்பினால் செலவு குறைகிறது. மிச்சமாகும் காசு நிறுவனத்துக்கு, குழப்பம் வாங்கியவருக்கு.

உள்ளே இருப்பது நாணயம் போன்ற சிறு பேட்டரி. குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். நாம் பார்த்த அட்டையிலோ அது நகத்தால் இழுத்தாலே வெளியே வந்துவிடுகிறது.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. பெட்டியின் முகத்தில் திருகு குமிழ் ஒன்றுகூட இல்லை. ஒலியின் கனத்தை மாற்றுவதானாலும், வானொலியிலிருந்து வேறொன்றுக்கு மாறுவதானாலும் ரிமோட் ஒன்றே கதி. அது தொலைந்தால் பெட்டி பாதி ஊமை. ரிமோட் அனுப்புவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. பெரும்பாலும் வினாடிக்கு 36,000 முதல் 40,000 முறை துடிக்கும் அந்த ஒளியில் நிறுவனத்துக்கொரு குறியீடு. ஒருவர் பெட்டிக்கு மற்றவர் ரிமோட் பேசாது. ஆகவே மின்சார ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் வாழ்ந்த ஊர் இது. அதற்காக, பாட்டையும் மனத்துக்குள்ளேயே கேட்டுக்கொள்வோம் என்று நிறுவனங்கள் எண்ணிவிடலாகாது.

'பழகிக்கொண்டால் போயிற்று' என்கிறார்கள் இளைஞர்கள். அந்த அம்மையார் பழகாதவரா? வலப்புறம் திருகினால் கூடும், இடப்புறம் திருகினால் குறையும் என்பதை அவர் கை அரை நூற்றாண்டாக அறியும், இருட்டிலும் அறியும். அந்த அறிவைச் செல்லாக்காசாக்கியவர்களல்லவா பழகிக்கொள்ள வேண்டும்?

எளிமையாகச் செய்ய இயலாது என்பதும் பொய். அமெரிக்காவில் ஃபில்கோ நிறுவனம் 1939-ஆம் ஆண்டு மாதிரி வானொலிகள் சிலவற்றோடு 'மிஸ்டரி கன்ட்ரோல்' என்றொரு மரப்பெட்டியைத் தந்தது. கம்பியே இல்லை, வானொலி அலையால் இயங்கியது. அதன் தலையில் பழைய தொலைபேசியில் இருந்ததைப் போன்ற ஒரு சுழல்வட்டு. நிலையத்தை மாற்றவும் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் அது ஒன்றே போதுமாயிருந்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? 2017-இல் சரிகம நிறுவனம் 5,000 பாடல்களை உள்ளடக்கிய கர்வான் பெட்டியை, பழைய டிரான்சிஸ்டர் போன்ற உருவத்தில், திருகு குமிழ்களோடு விற்பனைக்கு விட்டது. பெற்றோருக்கென்று பிள்ளைகள் அதைத் தேடி வாங்கினர். எளிமையை வாங்க ஆளில்லை என்ற சாக்கு அன்றே செத்துவிட்டது.

சட்டமும் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லாரும் கையாளத்தக்க வடிவமைப்புள்ள நுகர்பொருள்களின் உருவாக்கத்தையும் உற்பத்தியையும் விநியோகத்தையும் ஊக்குவிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 43-ஆம் பிரிவில் கூறுகிறது. ஊக்குவிக்க வேண்டும் என்கிறதேயன்றி, பார்வையற்றவர் தடவி அறிய ஒரு புள்ளியேனும் இல்லாத ரிமோட்டை விற்காதே என்று அந்தப் பிரிவு தடுக்கவில்லை. தடுக்கும் விதி வேண்டும் என்பதே நம் கட்சி. ஒலிக்கும் நிறுத்தத்துக்கும் பெட்டியிலேயே குமிழ் இருத்தல், பொத்தான் விரலுக்குத் தெரிதல், எழுத்து வாங்குபவர் மொழியில் இருத்தல்: இவற்றில் எது பேராசை?

இப்போதைக்கு அம்மையாரின் ரிமோட்டில் மூன்று பொத்தான்களை விட்டுவிட்டு, மற்ற பதினெட்டின்மேலும் மருந்துக்கடைப் பிளாஸ்திரியைக் கனமாக ஒட்டியிருக்கிறோம். ஒலி கூட்டும் பொத்தானின்மேல் சைக்கிள் பஞ்சர் ரப்பரில் ஒரு துணுக்கு. பார்க்க அவலட்சணமாகத்தான் இருக்கிறது. நேற்று மாலை அவ்வழியே போகையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது, சற்று உரக்கவே.