பழைய கேமராவும் புதிய இயங்குதளமும்

நம் துறை அலுவலறையின் இரும்பு அலமாரியில் மூன்று வெப் கேமராக்கள் நெடுநாள் உறங்கிக் கிடந்தன. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் பழைய கணினிகளோடு சேர்ந்து பாடம் நடத்தக் கைகொடுத்தவை அவை. விண்டோஸ் 11 உடைய கணினிகள் வந்தபின், 'இனி இவை வேலை செய்யமாட்டா' என ஒதுக்கப்பட்டன. கழிவுப் பட்டியலில் அவை ஏறவிருந்த வேளையில், இணையவழி வாய்மொழித் தேர்வுக்கு அணியமாகி வந்த ஆய்வு மாணவி ஒருவர், தம் மடிக்கணினியின் கேமரா கெட்டமையால் புதிது வாங்கக் கடன் கேட்டுக்கொண்டிருப்பதாக அறிந்தோம். அன்றே அலமாரியைத் திறந்தோம்.

இத்தகைய கேமராக்களில் வில்லையும் ஒளியுணர் சில்லும் எளிதிற் பழுதுறுவதில்லை. பெரும்பாலும் முறிந்துபோவது கேமராவுக்கும் இயங்குதளத்துக்கும் இடையிலான பேச்சே ஆகும். அப்பேச்சைப் பெயர்த்துரைக்கும் துபாசிதான் டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கேமராவும் தனக்கென ஒரு மொழி பேசிற்று. தன் துபாசியைக் குறுந்தகட்டில் உடன் கொண்டுவந்தது. 2003-ஆம் ஆண்டில் யுவிசி என்னும் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. அத்தரத்தைப் பின்பற்றும் கேமராக்களுக்குரிய துபாசி, விண்டோஸ் எக்ஸ்பியின் 2004-ஆம் ஆண்டுச் சர்வீஸ் பேக்கிலும், 2008-இல் லினக்ஸிலும் உள்ளேயே இடம்பெற்றுவிட்டது. தரத்துக்குப் புறம்பான கேமராக்களோ தம்மைச் செய்தவரின் தயவையே நம்பி நின்றன.

அத்தயவு நீடிக்கவில்லை என்பதே நம் மனக்குறை. 32 பிட் இயங்குதளத்துக்கென எழுதிய இயக்கி 64 பிட் இயங்குதளத்தில் இயங்காது; விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே இல்லை. 2007-இல் வெளிவந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பு முதல், கருவில் இயங்கும் இயக்கிக்கு எண்முறை ஒப்பமும் வேண்டும். இக்கட்டுப்பாட்டை நாம் குறை கூறோம். கருவில் நுழையும் ஒரு பிழையான இயக்கி கணினி முழுவதையும் வீழ்த்தவல்லது. ஆனால், விற்ற பொருளுக்குப் புதிய இயக்கி எழுத மனமில்லாத நிறுவனம், அப்பொருளின் மொழியிலக்கணத்தையேனும் வெளியிட வேண்டாவா? வெளியிடாததால், பிரான்சு நாட்டு மருத்துவர் மிஷெல் ஸார் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு 200-க்கும் மேற்பட்ட கேமரா வகைகளுக்கு லினக்ஸ் இயக்கி எழுத நேர்ந்தது. ஜிஎஸ்பிசிஏ என்னும் அவ்வியக்கித் தொகுதி 2008-இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக அவர் செய்த பணி அது! வணிகர் கைவிட்டதை வைத்தியர் காத்தார் எனலாம்.

பொதுத்தரம் மட்டுமே காவல் என்றும் சொல்வதற்கில்லை. 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10-க்கு வந்த பெரும் புதுப்பிப்பு, ஒரே கேமராவைப் பல மென்பொருள்கள் பகிரும் வசதியைத் தரும் பொருட்டு, சுருக்கப்பட்ட படவடிவங்களை அவை நேரே பெறவொட்டாமல் தடுத்தது. நல்ல கேமராக்களும் ஸ்கைப் உரையாடலின் நடுவே உறைந்து நின்றன. மைக்ரோசாஃப்ட் அடுத்த மாதம் அதனைத் திருத்தியது. அவ்விடைவெளியில் எத்தனை கேமராக்கள் வீணே குப்பைக்குச் சென்றனவோ!

ஆதலின், ஐயுறுவதற்கும் ஒரு வரிசை உண்டு. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குச் சென்று கேமராவுக்கு இசைவு தரப்பட்டுள்ளதா எனக் காண்க. வேறொரு மென்பொருள் கேமராவைப் பற்றிக்கொண்டிருப்பின் அதனை மூடுக. கிளைப்பெட்டியான ஹப்பை நீக்கிக் கணினியிலேயே நேராகச் செருகுக, யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், அதனையே ஹப் பங்கிடுகிறது. இவை யாவும் ஐந்து நிமிட வேலை. பின்னரே டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். அதில் கேமராவின் விவரப் பக்கத்தில் 'கம்பாட்டிபிள் ஐடி' வரிசையைப் பார்த்தால், 'கிளாஸ்' என்ற சொல்லை அடுத்துச் சுழியமும் 'இ' என்னும் ஆங்கில எழுத்தும் இருப்பின் அது யுவிசி கேமராவே. அங்ஙனமாயின் நிறுவனத்தின் பழைய இயக்கியை நீக்கிவிட்டு, கணினியிலுள்ள பட்டியலினின்று 'யுஎஸ்பி வீடியோ டிவைஸ்' என்பதைத் தெரிந்தெடுத்தால் போதும். கல்லூரிக்குக் கேமரா வாங்கும் குழுவினரும் விலைப்புள்ளி கோரும்போதே யுவிசி என்னும் மூன்றெழுத்தைச் சேர்த்துவிட்டால், எதிர்காலத் துறைத்தலைவர்கள் நம்மை வாழ்த்துவர்.

நம் மூன்றில் முதலாவது யுவிசி கேமரா. யாரோ நல்லெண்ணத்தோடு பழைய குறுந்தகட்டு இயக்கியை அம்மடிக்கணினியில் நிறுவியிருந்தமையே தடை; நீக்கியதும் படம் வந்தது. மாணவி அதனைக்கொண்டே தேர்வில் அமர்ந்தார். இரண்டாவது, பென் டிரைவில் ஏற்றிய லினக்ஸில் கண் விழித்தது. இப்போது ஓலைச்சுவடி வகுப்பில் பயன்படுகிறது. மூன்றாவதன் கம்பியை எலி கடித்திருந்தது.