உணவின் விலை உணவகத்தின் உரிமை. பில்லில் சேரும் சேவைக் கட்டணம் யாருடைய உரிமை?

ஹைதராபாத்: உணவகங்களில் ஒரு தட்டு உணவுக்கு எவ்வளவு விலை வைக்கலாம் என்பதற்குப் பொதுவான சட்ட உச்சவரம்பு இல்லை. ஆனால், விலைப்பட்டியலில் உள்ள தொகைக்கு மேல் பில்லில் எதைச் சேர்க்கலாம் என்பதற்கு வரையறை உண்டு. இந்த வேறுபாட்டை அறியாத வாடிக்கையாளர்கள், கொடுக்கத் தேவையில்லாத பணத்தையும் கொடுத்துவிட்டு வருகின்றனர்.

பொதுத்துறை நிறுவனமான ஈசிஐஎல்-இன் ஊழியர் குடியிருப்பாக உருவாகி, அதன் நிறுவனரின் பெயரைத் தாங்கி நிற்கும் பகுதி ஏ.எஸ்.ராவ் நகர். சம்பளக்காரக் குடும்பங்கள் நிறைந்த இதுபோன்ற பகுதிகளிலும், வார இறுதியில் வெளியே சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. பிரியாணியைத் தாண்டி கொரிய, ஜப்பானிய உணவுகளையும் இளைஞர்கள் தேடுகின்றனர்.

அந்த வரிசையில் ஒன்று, 'டோன்காட்சு' எனப்படும் ஜப்பானியப் பன்றி இறைச்சி வறுவல். தடித்த இறைச்சித் துண்டை ரொட்டித் தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்து, மெல்லிதாக அரிந்த முட்டைக்கோஸ், சோறு, மிசோ சூப் ஆகியவற்றுடன் பரிமாறுவர். 1899-இல் டோக்கியோவின் கின்சா பகுதியிலுள்ள ரெங்காதேய் உணவகத்தில் இதன் முன்னோடி உணவு பரிமாறப்பட்டதாகக் கூறப்படுகிறது. இன்று அது ஜப்பானில் அலுவலக ஊழியர்களின் சாதாரண மதிய உணவு. அதே உணவு இந்தியப் பெருநகரங்களில் ஆடம்பரமாகிவிடுகிறது.

விலை ஏன் உயர்கிறது?

இறக்குமதிப் பொருள்கள், பயிற்சி பெற்ற சமையல் கலைஞர்கள், கடை வாடகை ஆகியவை உணவகங்கள் கூறும் காரணங்கள். இதில் வரியின் பங்கும் உண்டு. பெரும்பாலான உணவகங்கள் 5% ஜிஎஸ்டி வசூலிக்கின்றன. ஆனால், வாடகைக்கும் மூலப்பொருள்களுக்கும் தாங்கள் செலுத்திய ஜிஎஸ்டியை அவை உள்ளீட்டு வரிச் சலுகையாகத் திரும்பப் பெற முடியாது. 2017 நவம்பர் 15 முதல் இதுவே நடைமுறை. எனவே அந்தச் சுமையும் உணவின் விலையில்தான் சேர்கிறது.

விலை அதிகம் என்பதற்காக மட்டும் ஓர் உணவகத்தின் மீது வழக்குத் தொடர இயலாது. குடிநீர் பாட்டிலைக்கூட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்க உணவகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் உரிமை உண்டு என 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கு விற்கப்படுவது தண்ணீர் மட்டுமன்று, சூழலும் சேவையும் சேர்ந்தது என்பதே அதன் அடிப்படை.

ரூ.1,000 எப்படி ரூ.1,155 ஆகிறது?

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. ரூ.1,000 விலையுள்ள உணவுக்கு 5% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.1,050. அதற்கு முன்பே 10% சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டால் தொகை ரூ.1,100 ஆகி, அதன் மீது வரி கணக்கிடப்பட்டு ரூ.1,155 ஆகிறது. அரசுக்குச் செல்லாத ஒரு கட்டணத்துக்கும் வாடிக்கையாளர் வரி செலுத்துகிறார்.

இதைத்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடுத்தது. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. கொடுக்க மறுப்பவரை உள்ளே அனுமதிக்காமல் இருக்கக் கூடாது. அதை பில்லில் சேர்த்து ஜிஎஸ்டி விதிக்கக் கூடாது என்பவை அதன் சாரம்.

இதை எதிர்த்து உணவக, ஓட்டல் உரிமையாளர் சங்கங்கள் தொடர்ந்த வழக்கை 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கட்டாய சேவைக் கட்டணம் சட்டத்துக்கு முரணானது என்றும், நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் நீதிபதி பிரதிபா எம். சிங் தீர்ப்பளித்தார். சங்கங்கள் மேல்முறையீடு செய்தன. 2025 ஆகஸ்டில் அதை விசாரித்த அமர்வு, ரூ.20 தண்ணீர் பாட்டிலை ரூ.100-க்கு விற்கும்போதே சூழலுக்கான விலை வாங்கப்பட்டுவிடுகிறதே, பிறகு சேவைக் கட்டணம் எதற்கு எனக் கேள்வி எழுப்பியது.

அதாவது, 2017-இல் உணவகங்களுக்குக் கைகொடுத்த வாதமே இப்போது அவர்களை நோக்கித் திரும்பியுள்ளது. சூழலும் சேவையும் விலையில் அடங்கியவை என்றால், அவற்றுக்காக இரண்டாவது முறை பணம் கேட்பதை நியாயப்படுத்துவது கடினம்.

ஜப்பானில் எப்படி?

டோன்காட்சுவின் தாயகத்தில் வாடிக்கையாளருக்கு இந்தக் குழப்பம் குறைவு. 2021 ஏப்ரல் 1 முதல், வரி உள்ளிட்ட மொத்த விலையைக் காட்டுவது அங்குக் கட்டாயம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் பொதுவாக இல்லை. மெனு அட்டையில் காணும் தொகையே பெரும்பாலும் கையிலிருந்து செல்லும் தொகை. இந்தியாவிலும் உணவகங்கள் ஊழியர் நலனுக்கான செலவை விலையிலேயே சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. அப்போது அந்த விலைக்குச் சாப்பிடுவதா, வேண்டாமா என்பதை வாடிக்கையாளர் உட்காரும் முன்பே முடிவு செய்யலாம்.

வாடிக்கையாளர் என்ன செய்யலாம்?

பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால் அதை நீக்குமாறு உணவகத்திடம் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். அதன் பிறகும் தீர்வு கிடைக்காவிட்டால், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ரூ.5 லட்சம் வரையிலான வழக்குகளுக்கு அங்குக் கட்டணம் இல்லை. மனநிறைவுடன் தாமாக டிப்ஸ் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.