தோட்டம் விற்று வீடு கட்டுவோர்

வரி என்றதும் முகம் சுளிப்பவன் அல்லன் நான். பொதுப்பணத்தில் சாலை வருகிறது, மின்சாரம் வருகிறது. அவற்றால் நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு என்பது நியாயமே. ஆனால் பங்கு கேட்கும் முறையிலும் நியாயம் வேண்டுமன்றோ?

மூலதன ஆதாய வரி நம் நாட்டில் 1947-இல் பிறந்து, 1948-க்குப் பின் உறங்கிற்று. பொருளியல் அறிஞர் கால்டாரின் பரிந்துரையை ஏற்று, 1956-இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி அதனை எழுப்பினார். அப்போது விவசாய நிலம் தப்பியது. 1970-இல் நகரையொட்டிய நிலம் மட்டும் சிக்கிற்று. இன்று 10 இலட்சத்திற்கு மேல் மக்கள் வாழும் நகராயின், அதன் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 8 கிலோமீட்டர் வரை இவ்வரி உண்டு. கோவையைச் சுற்றியுள்ள தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். கிணறு வெட்டித் தென்னை வளர்த்த நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகரம்தான் நடந்து வந்து வேலியைத் தொட்டுவிட்டது.

அத்தகைய தோட்டத்தில் ஒரு பகுதியை விற்று, எஞ்சிய பகுதியில் வீடு கட்ட நினைக்கிறார் ஒரு விவசாயி. சட்டம் அவருக்குச் சலுகை தருகிறது. ஆனால் அரைமனத்தோடு தருகிறது. எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

10 இலட்சத்திற்கு வாங்கிய பழைய வீட்டை ஒருவர் 60 இலட்சத்திற்கு விற்கிறார். ஆதாயம் 50 இலட்சம். அந்த 50 இலட்சத்தில் புதுவீடு கட்டினால் வரியே இல்லை. மீதி 10 இலட்சம் அவர் கைக்கு. அதே விலைக்கு வாங்கி அதே விலைக்குத் தோட்டத்தை விற்றவரும் 50 இலட்சத்தில் வீடு கட்டுகிறார். அவருக்கோ விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட்டாக வேண்டும் என்பது விதி. குறைத்துப் போட்டதால் விலக்கும் குறைகிறது: ஏறத்தாழ 8 இலட்சத்து 33 ஆயிரம் வரிக்கு உள்ளாகிறது. 12.5 விழுக்காட்டில் ஒரு இலட்சத்திற்கு மேல் கட்ட வேண்டும். மேலும், விற்ற நாளில் அவர் பெயரில் இரண்டு வீடுகள் இருந்தால் இச்சலுகையே கிடையாது. வீடு விற்றவருக்கு அந்தத் தடையும் இல்லை!

“வீடு விற்றவன் கூரையை இழந்தவன், அவனுக்கு இரக்கம் காட்டுவது தகும்” என்பர் சிலர். தகும்தான். ஆனால் இதுவரை சொந்தக் கூரையே இல்லாமல், காணியை விற்று முதல் வீடு கட்டுபவன் அவனைவிட இரக்கத்திற்குரியவன் அல்லனா? கடனை அடைக்கவோ மகளின் படிப்புக்கோ ஒரு பகுதியை எடுத்து வைத்தால் அது குற்றமா?

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இவ்வேற்றுமை 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. இருவருக்கும் ஆதாயத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை. பெருஞ்செல்வர் இதில் நுழைவர் என்ற அச்சமும் வேண்டா. விலக்கிற்கு 10 கோடி என்னும் வரம்பை 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டமே விதித்துவிட்டது.

நண்பர்களே, சட்டம் மாறும்வரை நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊரில் நிலம் விற்கும் பேச்சு எழுந்தால் பெற்றோருக்கு இவற்றை எடுத்துச் சொல்லுங்கள்: வீட்டை மூன்று ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும்; செலவாகாத பணத்தை வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும்; பழைய பத்திரங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும். தொலைவில் வந்து நாம் கற்கும் கல்வி, ஊரில் ஒரு வீட்டுச் சுவர் எழவேனும் உதவட்டும்.