மற்றும் பலர்

“கவர்மெண்டே வேண்டாம்னு விட்ட கேஸ நாம எதுக்கு சார் எழுதிக் கொடுக்கணும்?” என்று உவரியில் கப்பல் மாதா கோயிலுக்கு எதிரே, வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்ற மீனவர் ஒருவர் என்னைக் கேட்டார். அவருடைய மகன் மருத்துவம் படித்து முடித்து, மேற்படிப்புக்கு வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறான். எப்போதேனும் குற்ற வழக்கில் சேர்க்கப்பட்டதுண்டா என்று அந்த விண்ணப்பம் வினவுகிறது.

கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து, 2011, 2012 ஆம் ஆண்டுகளில் இடிந்தகரையை மையமாகக் கொண்டு இக்கடற்கரை மக்கள் போராடியபோது, ராஜத்துரோகம் உள்ளிட்ட பிரிவுகளில் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின. நாலைந்து பெயர்களை எழுதி ‘மற்றும் பலர்’ என்று முடிந்த முதல் தகவல் அறிக்கைகளில், பிறகு எவரையும் சேர்த்துக்கொள்ளத் தாராளமாக இடமிருந்தது. 2013 மே 6 அன்று, நிலையம் இயங்குவதற்கு அனுமதி அளித்த அதே தீர்ப்பில், இவ்வழக்குகளைத் திரும்பப்பெற முயலுமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. பல வழக்குகள் வாபஸாயின; அந்த மகன் மீதிருந்த வழக்கும் அவற்றுள் ஒன்று. எஞ்சியவை வருஷக்கணக்கில் இழுபட, பாஸ்போர்ட்டுக்கு அலைந்து ஏமாந்த வாலிபர்கள் இங்கே அநேகர்.

ஆயினும் அவருக்கு நான் சொன்ன அபிப்பிராயம், எழுதியே தீரவேண்டும் என்பதுதான். முன்பு காசநோய் கண்டதுண்டா என்று நாளை தன் நோயாளியைக் கேட்கப்போகிறவன் இந்தப் பிள்ளை. குணமான நோயையும் மறைக்காமல் சொல் என்று பிறரிடம் எதிர்பார்ப்பவன், முடிந்த வழக்கைத் தான் மறைக்கலாகாது. அப்படிச் சொன்ன நோயாளியை எந்த வைத்தியரும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை என்பதைக் கல்லூரிகளும் நினைவிற்கொள்வது நலம். வேலை நியமனங்களைப் பற்றியதேயானாலும், அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் கூறியது இங்கும் பொருந்தும்: படிவத்தின் கேள்வி திட்டவட்டமாக இருத்தல் வேண்டும், கேட்கப்படாததைச் சொல்லாமல் விட்டதற்காக ஒருவரைத் தண்டிக்கலாகாது. தண்டனை பெற்றதுண்டா என்று மட்டும் கேட்டிருந்தால், ‘இல்லை’ என்பதே சத்தியமான பதில். இந்தப் படிவமோ வழக்கையே கேட்கிறது.

வாபஸ் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதிலும் சட்டத்தில் ஒரு பேதம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவின்படி (புதிய சட்டத்தில் இது 360), குற்றச்சாட்டு வனைவதற்கு முன் வழக்கு திரும்பப்பெறப்பட்டால் அது விடுவிப்பு. வனைந்த பின்னரெனில் விடுதலை. தன் வழக்கு இவற்றில் எது என்பதை அறிய நீதிமன்ற உத்தரவின் நகல் வேண்டும். அழைப்பாணையை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்த சர்க்கார், வாபஸ் உத்தரவையும் அவ்வாறே ஒவ்வொருவர் வீட்டிலும் சேர்ப்பிக்கவேண்டும். அதற்கு ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும்.

அந்த மீனவரிடம் அழைப்பாணை மட்டுமே இருக்கிறது, ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள். வள்ளியூர் நீதிமன்றத்தில் நகல் மனுப் போடச் சொல்லி அனுப்பினேன். விண்ணப்பத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.