மரபு என்பது புறம்போக்கு நிலமா?

மேற்கு வங்கத்தின் பிர்பூம் மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் ரத்தன் காஹார் 1972இல் ஒரு பாடலை இயற்றினார். 2020இல் அதன் வரிகளை எடுத்தாண்ட ‘கெந்தா பூல்’ காணொலி கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. அதில் அவர் பெயர் இல்லை. ‘மரபுப் பாடல்’ என்றனர். கண்டனம் எழுந்த பின்னரே பாடகர் பாட்ஷா 5 லட்சம் ரூபாய் அளித்தார். 2024இல் ஒன்றிய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. நன்கொடையும் விருதும் உரிமைக்கு ஈடாகா.

‘உலகமே கேட்கிறதே, வேறென்ன வேண்டும்?’ என்பார் உளர். கேட்பது உலகம், காசை எண்ணுவது நிறுவனம். ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாடலுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் ராயல்டியே தருவதில்லை. ராஜஸ்தானத்துக் கமாய்ச்சாவும் வங்கத்து ஏக்தாராவும் சந்தையின் இந்த வாசலிலேயே தடுக்கப்படுகின்றன. சிறியோரின் சில்லறையும் பெரியோரின் பைக்கே போகிறது.

வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துகலைஞருக்கும் ராயல்டி உண்டு என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம். ஆனால், கைப்பேசியில் பதிவுசெய்து போகிறவரிடம் தனியொரு கலைஞர் அதை எவ்வாறு கேட்டுப் பெறுவார்? சங்கமாகத் திரண்டால் மட்டுமே பெற முடியும்.

பதிவு தோறும் இயற்றியவர், பாடியவர், ஊர் ஆகிய பெயர்கள் இடம்பெற வேண்டும். நாட்டுப்புறக் கலைஞரின் ராயல்டியை வசூலித்துத் தரும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். இவற்றுக்காகப் போராடுவோம். 1943இல் இப்டாவைக் கண்ட மரபினர் நாம். நம் மேடையில் பாடுவோருக்குப் பொன்னாடை மட்டும் போதாது, தோழர்களே; உழைப்புக்குரிய ஊதியத்தை முதலில் நாம் தருவோம்.