குழந்தைக்கு வாய்தா வேண்டாம்

(சிறார் வழக்குகள் குறித்து ஒரு குழந்தை உரிமை அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை)

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ வழக்கில் சாட்சி சொல்ல வரும் சிறுமி, கூண்டுக்குப் போவதற்கு முன்பே வராந்தாவில் பாதி சோர்ந்துவிடுகிறாள். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எதிர்ப் பெஞ்சில் எதிரியின் உறவுக்காரர்கள். மதியத்துக்கு மேல், வக்கீல் வரவில்லை, வாய்தா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் சம்மன்.

சட்டத்தில் குறையில்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவு, குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்கிறது. வக்கீல்களின் கேள்விகளை நீதிபதியே கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. வழக்கு கோப்பில் எடுக்கப்பட்ட 30 நாளுக்குள் சாட்சியத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது 35ஆம் பிரிவு. எதிரியின் முகத்தில் குழந்தை விழிக்காதபடி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது 36. இத்தகைய சாட்சிகளுக்கு மாவட்டந்தோறும் தனி மையம் வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது.

சட்டப் புத்தகத்தில் அடங்காத ஒன்றும் உண்டு. அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைக்கு நினைவு வரிசையாக வராது. தேதி மறந்திருக்கும், அந்த அறைச் சுவரில் தொங்கிய காலண்டர் மறந்திருக்காது. சில குழந்தைகள் அழாமல், மரத்துப்போன முகத்தோடு பேசும். குறுக்கு விசாரணையில் இதெல்லாம் ‘முன்னுக்குப் பின் முரண்’, ‘சொல்லிக்கொடுத்த சாட்சி’ என்று ஆகிவிடுகிறது. முரணைச் சுட்டிக்காட்ட எதிரி தரப்புக்கு உரிமை உண்டு, அதை அமைப்பு மறுக்கவில்லை. ஆனால் பொய்யின் தடுமாற்றம் எது, காயத்தின் தடுமாற்றம் எது என்று எடைபோட நீதிபதிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் பயிற்சி வேண்டும். ஒருநாள் கருத்தரங்கும் மதியச் சாப்பாடும் பயிற்சி ஆகாது.

குற்றம் சாட்டப்பட்டு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படும் சிறுவனையும் காயம் பற்றிய இதே புரிதலோடு அணுக வேண்டும். அவனைப் பற்றி நன்னடத்தை அலுவலர் 15 நாளில் தரவேண்டிய சமூக விசாரணை அறிக்கை, வீட்டில் அவன் பட்ட அடியையும் கேட்டு எழுத வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்தில், ‘அப்பாவா, அம்மாவா?’ என்று அத்தனை பேர் நடுவில் குழந்தையைக் கேட்பது அடியோடு நிற்க வேண்டும். குழந்தையோடு தனியாகப் பேசக்கூடிய ஆலோசகர்களுக்கு 1984ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டமே வழி செய்திருக்கிறது.

இரு தரப்பு வக்கீல்களும் வருவதை உறுதிசெய்த பிறகே, நாளோடு நேரமும் குறித்துக் குழந்தைக்கு சம்மன் அனுப்ப வேண்டும் என்று அமைப்பு கோருகிறது. சாட்சியம் பதிவாகாமல் எத்தனை குழந்தைகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றமும் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.